பதினேழாவது கதவு

வீரமுத்து அண்ணன் லிப்ட்டில் ஏறமாட்டார். முப்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஜொகூர் பாருவில் நிற்கிற உயரமான கட்டடங்களில் பாதியிலாவது அவர் கை பட்டிருக்கும். போன வருடம் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எட்டாவது மாடிக்குப் போகவேண்டும். நான் லிப்ட்டில் போய்விட்டேன். அவர் படியேறி வந்தார். கால் மணி நேரம் காத்திருந்தேன். வந்து சேர்ந்ததும் கண்டபடி திட்டினேன். அவர் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, லிப்ட் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே நானும் வருவேன். என்னை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்.

அண்ணன் பிறந்தது பண்டார் தெங்காராவுக்கு உள்ளே ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டுகிறவர். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்தே நின்று கழுத்து பின்பக்கம் சாய்ந்துபோனவர் என்று அண்ணன் சொல்வார். அண்ணனுக்குத் தோட்டம் பிடிக்கவில்லை. பதினெட்டு வயதில் ஜொகூர் பாருவுக்கு வந்து, லிப்ட் மாட்டுகிற ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வேலைக்குச் சேர்ந்தார். முதல் ஆறு மாதம் கம்பி வடத்தைத் தோளில் சுமந்து படியேறுவதுதான் வேலை. லிப்ட் இல்லாத கட்டடத்துக்கு லிப்ட் கொண்டுபோகிறவன் நடந்துதானே ஏறவேண்டும்.

பிறகு தொழில் பிடிபட்டது. மொட்டைமாடியில் மோட்டார் அறை இருக்கும். அங்கே ஓடுகிற வடத்தில் சிவப்பு பெயிண்டால் கோடு கோடாகப் போட்டிருப்பார்கள், ஒரு கதவுக்கு ஒரு கோடு. லிப்ட் பெட்டி எந்தக் கதவுக்கு நேராக நிற்கிறது என்பதை மேலே நின்றபடியே கோட்டை எண்ணிச் சொல்லிவிடலாம்.

இந்தக் கதவுக் கணக்கைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நான் தம்போய் பக்கம் ஒரு கொண்டோவில், அடுக்குமாடிக் குடியிருப்பில், ஜாகா. கேட்டில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை. எங்கள் கொண்டோ லிப்ட்டில் நாலு என்ற பொத்தான் கிடையாது. பதின்மூன்று கிடையாது, பதினாலு கிடையாது. ஆகாத எண் என்று வாங்குகிறவர்கள் ஒதுங்குவதால், கட்டுகிறவனே எண்ணைத் தூக்கிவிடுகிறான். மூன்றுக்கு அடுத்து ஐந்து. பன்னிரண்டுக்கு அடுத்து பதினைந்து. குடியிருப்பவர்கள், தபால்காரர், சாப்பாடு கொண்டு வருகிற பையன்கள், நாங்கள் எல்லோரும் பொத்தான் எண்ணைத்தான் சொல்வோம். லிப்ட் ஆட்கள் அதைத் தொடவே மாட்டார்கள். கீழேயிருந்து எண்ணினால் எத்தனையாவது கதவோ, அதுதான் அவர்களுக்கு எண். நமக்குப் பதினேழாவது மாடி என்றால் அவர்களுக்கு அது பதினாலாவது கதவு. கட்டடத்துக்குக் கட்டடம் ஒவ்வொரு எண்ணைத் தூக்கியிருப்பார்கள், அதை நம்பினால் ஆள் செத்துவிடுவான், கதவை மட்டும் எண்ணு என்று தவுக்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்தாராம்.

முப்பத்தோரு வருடம் அண்ணன் அப்படித்தான் எண்ணினார்.

அவரோடு ஆறு வருடம் வேலை செய்தவன் ரூபேந்திரன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், வேலை மாறி வந்தான். முப்பத்து நாலு வயது. கல்யாணமாகி ஐந்து வருடம். மனைவி யோகேஸ்வரி. வாய் ஓயாத பயல். மாதம் ஒருமுறை எங்கள் லிப்ட்டைப் பார்க்க இருவரும் வரும்போது, என் ஜாகா அறைக்குள் தலையை விட்டு, "என்ன தங்கராஜு அண்ணே, கேட்டு ஓடிப்போகாம பத்திரமா பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்காமல் போகமாட்டான்.

வேலை முறை இதுதான். அண்ணன் மேலே மோட்டார் அறையில். ரூபேந்திரன் கீழே மாடிகளில். லிப்ட்டை நிறுத்தி அண்ணன் எத்தனையாவது கதவு என்று வாக்கி டாக்கியில் சொல்வார். இவன் அந்த மாடிக்குப் போய் முக்கோணச் சாவியால் வெளிக் கதவைத் திறந்து பெட்டிக்குள் போவான். திறந்ததும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும், பிறகுதான் காலை வைக்கவேண்டும். அது சட்டம். ஆனால் ஆறு வருடத்தில் அண்ணன் சொன்ன கதவில் ஒருநாளும் பெட்டி இல்லாமல் இருந்ததில்லை. அவர் வாயால் சொன்னால் இவன் கண்ணால் பார்த்த மாதிரி. டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி உள்ளே காலை வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அவர்களுடைய வாக்கி பழுது. எங்கள் வாக்கி இரண்டைக் கொடுத்தேன். அதனால் மூன்று பேரும் ஒரே லைனில் இருந்தோம். நிர்வாகத்தில் ஒரு புது அம்மா வந்திருந்தார். லிப்ட் எந்த மாடியில் நிற்கிறதோ அங்கே மஞ்சள் பலகை வைக்கவேண்டும் என்று எனக்கு உத்தரவு. பத்து மணியிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

"அண்ணே, இப்ப எங்க நிக்குது?"

"ஆறாவது கதவு."

"யோவ் அண்ணே, ஒங்க கதவு கணக்கெல்லாம் எனக்கு வேணாம் லா. பட்டன் நம்பர் சொல்லுங்க. நான் என்ன வெரல மடிச்சு எண்ணிக்கிட்டா ஏறுவேன்?"

"ஏழுக்குப் போ."

ரூபேந்திரன் குறுக்கே வந்தான். "அண்ணே, அவரு ஆறாப்போட நின்னவரு. ஏழுன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

"டேய், கீழ எறங்கி வா, ஒனக்கு வெச்சிருக்கேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு வாக்கியில் கரகரவென்று கேட்டது இன்னமும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் கோட்டை எண்ணி, மனதுக்குள் பொத்தான் எண்ணாக மாற்றி எனக்குச் சொன்னார். பதினொன்றரை தாண்டியிருக்கும். மறுபடி கேட்டேன். "பதினேழு" என்றார். பலகையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லிப்ட்டில் ஏறினேன். ரூபேந்திரன் அப்போது படிக்கட்டுக்குள் இருந்தான். அங்கே வாக்கி சரியாக எடுக்காது, எனக்குச் சொன்னதை அவன் கேட்டிருக்கமாட்டான். நான் பதினேழாவது மாடியில் இறங்கும்போது அவன் குரல் வந்தது.

"அண்ணே, எத்தனாவது கதவு?"

"பதினேழு."

"சரிண்ணே."

அவ்வளவுதான். பதினாலாவது கதவு என்று சொல்லவேண்டியவர். எனக்குச் சொன்ன எண் வாயிலேயே இருந்தது, அதுவே அவனுக்கும் வந்துவிட்டது.

நான் பதினேழில் பலகையை வைத்தேன். ரூபேந்திரன் வருவான், இரண்டு வார்த்தை பேசலாம் என்று நின்றேன். கதவு சாத்தியே இருந்தது. அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் மேலேயிருந்து என்னவோ விழுந்த சத்தம். பெரிய சத்தமில்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. வாக்கியில் அண்ணன், "ரூபேன்? ரூபேன்!" என்றார்.

படிக்கட்டில் ஓடினேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபதில் வெளிக் கதவு திறந்து கிடந்தது. டார்ச் தரையில் எரிந்துகொண்டிருந்தது, சுவரைப் பார்த்து. கதவுக்குள் இருட்டு. கிரீஸ் வாடையோடு குளிர்ந்த காற்று மேலே வந்தது. அங்கேயே நின்று விரலை மடித்து எண்ணினேன். இருபதாவது மாடி. அவர்கள் கணக்கில் பதினேழாவது கதவு. பெட்டி மூன்று மாடிக்குக் கீழே நின்றது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. இரண்டு மூன்று நிமிடமாவது இருக்கும். அப்போது கீழேயிருந்து போன் அடித்தது.

அந்தக் குழிக்குள்ளிருந்து. இருட்டுக்குள் நீலமாய் ஒரு வெளிச்சம், போன் அடித்தது. முழுதாக அடித்து நின்றது. திரும்ப அடித்தது. யாரோ ஒருத்தர் அவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் நின்ற பிறகுதான் வீரமுத்து அண்ணன் மேலேயிருந்து படியில் உருண்டு விழாத குறையாக வந்து சேர்ந்தார்.

விசாரணைக்குத் தொழிலாளர் பாதுகாப்பு இலாகா ஆட்கள் வந்தார்கள். நீ பார்த்தாயா என்று மலாயில் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். கேட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கதவு திறந்ததும் டார்ச் அடித்துப் பார்க்காமல் காலை வைத்தது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். நேரம் ஏறக்குறைய பதினொன்று நாற்பது என்று போட்டார்கள்.

அண்ணன் அடுத்த மாதமே வேலையை விட்டார். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் சாமான் எண்ணுகிற வேலை. எல்லாம் தரையோடு தரை. வீடு மாசாயில், நாலு மாடி ஃபிளாட். அதில் லிப்ட் இல்லை, அதனாலேயே பிடித்தாரோ என்னவோ. மனைவி இறந்து ரொம்ப வருடம். ஒரே மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில் வருவாள். வியாழக்கிழமை எனக்கு ஓய்வு. மத்தியானம் ஏதாவது சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போவேன். சாப்பிடுவோம். டிவி பார்ப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே என்று லோஷினி தன் பழைய லெப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒரு விளையாட்டு. காலி நிலத்தில் அடுக்குமாடி கட்டவேண்டும். ஒரு மாடி போட்டால் அதன்மேல் இன்னொன்று. ஆபீஸ் வைக்கலாம், வீடு வைக்கலாம், சாப்பாட்டுக்கடை வைக்கலாம். கட்டடத்தைக் குறுக்கே வெட்டி வைத்த மாதிரி உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அரிசி அளவுக்குக் கறுப்பு மனிதர்கள் காலையில் வருவார்கள், சாயந்திரம் போவார்கள். முக்கியமான விஷயம் லிப்ட். லிப்ட் வர நேரமானால் காத்திருக்கிற ஆள் கறுப்பிலிருந்து ரோஸ் நிறமாவான். இன்னும் நேரமானால் சிவப்பாவான். அதற்குமேல் பொறுக்கமாட்டான், வீட்டைக் காலி பண்ணிவிடுவான்.

"அப்பா, நீங்க லிப்ட் ஆளுதானே. ஒங்கள விட்டா யாருக்கு இது வரும்?" என்றாள் பிள்ளை. நல்ல மனதோடுதான் கொடுத்தாள்.

அண்ணன் அதில் விழுந்துவிட்டார். நான் போகும்போதெல்லாம் மேசையில் அது திறந்திருக்கும். லிப்ட்டுக்கு எத்தனை பெட்டி, எந்தெந்த மாடியில் நிற்கும், சாப்பாட்டு நேரத்தில் எங்கே காத்திருக்கும் என்று ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்ப்பார். அவர் கட்டடத்தில் ஒரு ஆள்கூடச் சிவந்து நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். மனிதர் தேறிவிட்டார் என்று நினைத்தேன்.

நாலு மாதம் முன்னால் ஒரு வியாழக்கிழமை. மழை. நான் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணன் லெப்டாப்புக்கு முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடவில்லை.

"சாப்பிடுங்கண்ணே, ஆறிடும்."

"தங்கராஜு, இங்க வா. இவனப் பாரு."

பார்த்தேன். கட்டடம் உயரமாக இருந்தது. எண்ணிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கொண்டோ. அதே இருபத்தேழு கதவு, அதே இரண்டு லிப்ட், கீழே அதே இடத்தில் கேட் பக்கம் ஒரு சின்ன அறை. விளையாட்டில் எண் ஒழுங்காக வரும், நாலும் உண்டு, பதின்மூன்றும் உண்டு. பதினேழாவது மாடியில் மட்டும் அண்ணன் ஒன்றும் கட்டவில்லை. வெறும் தரை, லிப்ட் கதவு. அந்த வெறும் தரையில் லிப்ட் கதவுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் நின்றான். நல்ல சிவப்பு.

"யாரது?"

அண்ணன் அவன்மேல் அமுக்கினார். பெயர் வந்தது. இந்த விளையாட்டில் யாராவது ஒரு ஆளைப் பிடித்து நாமே பெயர் வைக்கலாமாம், அவன் எங்கே போகிறான் வருகிறான் என்று பார்க்கலாமாம். RUPEN என்று இருந்தது.

பெயரைப் படித்ததும் பயந்துவிட்டேன். அதை மறைக்கத்தான் சத்தம் போட்டேன். "ஒங்களுக்குப் பைத்தியமா? பொம்மைக்கு அவன் பேர வெச்சிட்டு ஒக்காந்திருக்கீங்க."

"பதினாலாவது மாடியில ஆபீஸ் போட்டு அங்க வெச்சேன். அவன் போயிருக்க வேண்டிய எடம். ஒரு வாரம் ஒழுங்கா போனான், வந்தான். அப்புறம் காலையில லிப்ட்ல ஏறுனா பதினாலுல எறங்க மாட்டேங்குறான். பதினேழுக்குப் போய் நின்னுக்குறான்."

"லிப்ட் அங்க நிக்காதோ என்னமோ."

"நிக்குது. இப்ப பாரு."

பார்த்தேன். பெட்டி ஏறி வந்தது. பதினேழில் நின்றது. கதவு திறந்தது. அவன் அசையவில்லை. கதவு மூடியது. பெட்டி போய்விட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"அந்த மாடியையே இடிச்சுப் போடுங்கண்ணே."

"விடாது. ஆள் நிக்கிற எடத்த இடிக்க முடியாதுன்னு வருது."

லோஷினியும் பார்த்தாளாம். பழைய கேம், ஏதோ கோளாறு, அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள் அப்பா என்றாளாம். அது சரியாகத்தான் இருக்கும். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. பாதி ராத்திரியில் காலி கார் நிறுத்தத்தைத் தனியாகச் சுற்றி வருகிறவன் நான். ஆனால் அந்தப் பட்டப்பகலில், அரிசி அளவு சிவப்புப் பொட்டு திரும்பாமல் நிற்பதைப் பார்த்தபோது என் கை மீ கோரெங் பொட்டலத்தை மேசையில் வைக்க மறந்துவிட்டது.

"தம்பி" என்றார் அண்ணன். என்னை அப்படிக் கூப்பிடவே மாட்டார். "அன்னைக்கு நான் அவனுக்கு ஒங்க நம்பரச் சொல்லிட்டேன்."

"தெரியும்ணே."

திரும்பிப் பார்த்தார்.

"நானும் அதே லைன்லதான் இருந்தேன். பட்டன் நம்பர் சொல்லுன்னு காலையிலேர்ந்து ஒங்க உயிர வாங்குனதே நான்தான். இருபதாவது மாடியில நின்னு வெரல மடிச்சு எண்ணுனேன். எனக்கு அப்பவே தெரியும்."

அண்ணன் சன்னல் பக்கம் திரும்பினார். மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு சொன்னார், ரூபேந்திரனின் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை. இவர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். யோகேஸ்வரி வந்து இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். "அண்ணே, நான்தான் அவருக்குப் போன் பண்ணேன். பதினொன்னு நாப்பதுக்கு. வரும்போது கெட்டித் தயிர் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல. போன எடுக்கத்தானே கீழ பாக்காம கால வெச்சிட்டாரு?" என்று கேட்டாளாம். இவர் வாயைத் திறந்தாராம். வார்த்தை வரவில்லையாம். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அதுலேர்ந்து அந்தப் புள்ள யாருக்கும் போன் பண்றதில்ல தங்கராஜு. பெத்த அம்மாவுக்குக்கூட எழுதித்தான் அனுப்புது. நான் பண்ணா யாராச்சும் செத்துடுவாங்கன்னு சொல்லுதாம்."

என் கையிலிருந்த பொட்டலத்தை அப்போதுதான் கீழே வைத்தேன்.

"அண்ணே, போன் அப்புறம்தான் அடிச்சுச்சு."

"என்ன?"

"அவன் விழுந்து, நான் மூணு மாடி ஏறி, அங்க நின்னு எண்ணி முடிச்ச அப்புறம்தான் அடிச்சுச்சு. ரெண்டு தடவ. நீங்க அப்ப மேல படியில வந்துக்கிட்டு இருந்தீங்க. அந்தப் புள்ள கூப்பிட்டப்ப அவன் உயிரோடவே இல்லண்ணே."

இதைச் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். என்ன மடத்தனம். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நீ ஏண்டா இத எங்கிட்ட சொன்ன?"

"அண்ணே..."

"மூணு வருஷமா ஒரு ஓரத்துல வெச்சிருந்தேண்டா. போன் அடிச்சிருக்கும், அவன் கவனம் அதுல போயிருக்கும், நம்பர் மட்டும் காரணமில்லன்னு ஒரு ஓரத்துல வெச்சுத்தான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ள தலையில பாரத்த ஏத்திட்டு நான் அதுமேல படுத்துக் கெடந்திருக்கேன்."

எழுந்தவர் உட்காரவேயில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். நான் லெப்டாப்பை மூடப் போனேன். "தொடாத" என்று கத்தினார். திரையில் சாயந்திரமாகியிருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். விளக்கு அணைந்த கட்டடத்தில் பதினேழில் அந்தச் சிவப்பு மட்டும்.

"ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளைக்கு வேல இல்ல" என்றார் கடைசியில். "நீயும் வா. போன் எப்ப அடிச்சுச்சுன்னு நீதான் சொல்லணும். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைக்கும்."

எனக்குப் போக விருப்பமில்லை. மறைக்காமல் சொல்கிறேன். ஞாயிறு முடியாது, அன்றைக்கு ஷிப்ட் என்று எத்தனையோ வாய்க்கு வந்தது. வாக்கியில் என் குரலும் இருந்ததே என்று நினைத்தபோது எல்லாம் நின்றுவிட்டது.

ஞாயிறு காலை என் மோட்டாரில் செனாய்க்குப் போனோம். அண்ணன் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்திருந்தார். வழியெல்லாம் அந்தப் பிடி தளரவேயில்லை. யோகேஸ்வரி இருப்பது தரை வீடு. வாசலில் ரூபேந்திரனின் வேலைச் சப்பாத்து ஜோடி இன்னும் இருந்தது, கழுவித் துடைத்து, முனை வெளியே பார்க்க. எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். உட்காரச் சொன்னாள். கோப்பி கலக்கிக் கொண்டுவந்தாள். அவள் போன் மேசைமேல் குப்புறக் கிடந்தது.

அண்ணன் கோப்பியைத் தொடவில்லை. நேராகச் சொன்னார். கதவுக் கணக்கு என்னவென்று சொன்னார். பொத்தான் கணக்கு என்னவென்று சொன்னார். பதினாலு என்று சொல்லவேண்டியதைப் பதினேழு என்று சொன்னதைச் சொன்னார். அவள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்தாள். நான் போன் அடித்ததைச் சொன்னேன்.

"எத்தன நேரம் கழிச்சு?"

"ரெண்டு மூணு நிமிஷமாச்சும் இருக்கும்மா."

"நல்லா தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்மா. நான் மாடி ஏறுனப்ப அடிக்கல. நின்னு எண்ணுனப்ப அடிக்கல. அதுக்கப்புறம்தான்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவ. ரெண்டும் முழுசா அடிச்சு நின்னுச்சு."

போனை எடுத்துப் புரட்டினாள். திரும்ப வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"என்ன நம்பர் சொன்னீங்க?"

"பதினேழு."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"பதினாலு."

"பதினாலு" என்றாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டே இருந்தது. சாமான் கழுவுகிற சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது, முடி நனைந்திருந்தது.

"எந்திரிங்க. போங்க ரெண்டு பேரும்."

எழுந்தோம். செருப்பு மாட்டும்போது அண்ணன் தடுமாறி அந்த வேலைச் சப்பாத்தில் இடித்துவிட்டார். அது சாய்ந்தது. அவர் குனிவதற்குள் அவளே வந்து நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னைக்கு காரியத்துல ஒங்க முன்னாடி எல இருந்துச்சே. நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்து கேட்டேனே. இல்லம்மான்னு ஒரு வார்த்த. அத சொல்ல மூணு வருஷமாண்ணே?"

நாங்கள் வெளியே வந்தோம். அவள் கிரில் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தில் இனி முழிக்க முடியாது. இலாகாவில் போய்ச் சொன்னாலும் சொல்லட்டும், இரண்டு பேரும் போய் நிற்போம் என்று பேசிக்கொண்டோம்.

நான் செய்த ஒரே வேலை இது. ஒரு பெரிய அட்டை வாங்கி, இருபத்தேழு கதவுக்கும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மோட்டார் அறைச் சுவரில் ஒன்றும் என் ஜாகா அறையில் ஒன்றும் ஒட்டினேன். நிர்வாகத்து அம்மா, அசிங்கமாக இருக்கிறது, எடு என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். இப்போது வருகிற மெக்கானிக் பையன்களிடம் நான் எண் கேட்பதில்லை. வேலை முடிகிறவரை என் வாக்கியை அணைத்து வைத்துவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு. லோஷினி அந்த வாரம் வரவில்லை, அண்ணன் கூப்பிட்டதால் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். லெப்டாப் திறந்திருந்தது. முதலிலிருந்து கட்டவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். அழிக்க மனமில்லை என்றார். பதினேழில் அவன் நின்றான்.

போன் அடித்தது.

அண்ணனுடையது. அதே சத்தம், எல்லாப் போனிலும் வாங்கும்போதே இருக்கிற அதே சத்தம். அன்று குழிக்குள் அடித்ததும் இதுதான். இரண்டு பேரும் நகரவில்லை. முழுதாக அடித்து நின்றது. திரும்ப அடித்தது. போன் திரையில் யோகேஸ்வரி என்று இருந்தது. எழுத்துச் செய்தி இல்லை. அவளே கூப்பிடுகிறாள்.

"எடுங்கண்ணே" என்றேன். போனை அவர் பக்கம் தள்ளினேன்.

எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"யோகேஸ்? சொல்லும்மா."

"அண்ணே." குரல் கரகரத்தது. "எடுத்துட்டீங்க."

"எடுத்துட்டேம்மா."

"மறுபடி சொல்லுங்க. மொதல்லேர்ந்து. காலையில என்ன பேசுனீங்க, அவரு என்ன சொன்னாரு, சிரிச்சாரான்னு எல்லாத்தையும் சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து மணி இருக்கும்மா" என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு எங்க வாக்கி கெட்டுப்போச்சு..."

மேசையில் லெப்டாப்பும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பதினேழாவது மாடிக்கு லிப்ட் வந்தது. கதவு திறந்தது. அவன் ஏறவில்லை. அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் கூப்பிடுகிறாள், இவர் முதலிலிருந்து சொல்கிறார்.